பழைய ஆள் வந்தால் திறக்கும்

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற பழமொழியை யாரோ ஒரு பொறியாளர் முழுமனதாக நம்பிவிட்டார், அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான் குணக்குறி என்று தபித்தாள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அதற்கு முன்னால் கடவுச்சொல் இருந்தது, திருடினார்கள். கைபேசிக்கு ஓடிபி வந்தது. அதையும் நயமாகப் பேசிக் கறந்துகொண்டார்கள். பிறகு ரேகை, முகம், குரல் என்று மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தார்கள். இயந்திரங்கள் மனிதரின் முகத்தையும் குரலையும் அச்சு அசலாகச் செய்யக் கற்றுக்கொண்டதும் அவையும் பொம்மைப் பூட்டுகளாகிவிட்டன. கடைசியில்தான், ஒரு மனிதன் வீட்டிலும் வெளியிலும் எப்படிப் பழகுகிறான் என்பதைத் திருட முடியாது என்று கண்டுபிடித்தார்கள். எவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்கிறான், எங்கே குறுக்கே பேசுகிறான், பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுகிறான், கோபம் எந்த வேகத்தில் வருகிறது என்பதையெல்லாம் கைபேசி ஒரு மூலையில் கிடந்தபடியே கேட்டுத் தெரிந்துகொள்ளும். வங்கி, ஓய்வூதியம், ரேஷன், ஆஸ்பத்திரி என்று எல்லாத் தளங்களுக்கும் அந்தக் குணக்குறியே சாவி. முகத்தைத் திருடலாம், குரலைத் திருடலாம், எங்க வீட்டுக்காரர் சிடுசிடுப்பை எவன் திருடப் போறான் என்று பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச காலமாயிற்று. மனிதர்கள் மாறத்தான் செய்கிறார்கள். மாறியவரைத் தளம் வெளியே தள்ளிவிடும். 'இது நீங்கள் இல்லை போலிருக்கிறது. மீண்டும் உறுதி செய்யவும்' என்று எழுத்து வரும். உறுதி செய்து உள்ளே போனால், சற்று நேரத்தில் மறுபடி வெளியே தள்ளும்.

இப்படித் தள்ளப்பட்டவர்கள் பேசுவதற்காகப் பாளையங்கோட்டையில் ஓர் உதவி மையம் இருந்தது. தபித்தாள் அங்கேதான் வேலை பார்த்தாள். நாற்பதைத் தாண்டியவள், புருஷன் போன பிறகு மகளைத் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். காலையில் காதில் ஒலிக்கருவியை மாட்டும்முன் கண்ணை மூடி, 'ஆண்டவரே, இன்று என்னால் ஒருவரும் காத்திருக்க வேண்டாம்' என்று சொல்லிக்கொள்வாள். அந்த மையத்தில் அவளைப்போல் விரைவாகச் சிக்கலை அவிழ்ப்பவர் இல்லை. அவளுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

மாறியதற்குக் காரணம் சொன்னால் தளம் ஏற்றுக்கொள்ளும். நோய், வீட்டில் சாவு, கல்யாணம், பிரசவம், விபத்து என்று ஏழெட்டுக் காரணங்கள் திரையில் வரும். ஒன்றைத் தொட்டுச் சான்றிதழைக் காட்டினால் போதும். மனம் திருந்தினேன் என்ற காரணம் மட்டும் அதில் கிடையாது. அவள் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் இபுராகிமிடம் அதைக் கேட்டாள். அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "திருடனும் அதைத்தானம்மா சொல்லுவான்? நான் முன்ன மாதிரி இல்ல, திருந்திட்டேன், பெட்டியைத் திறன்னு."

அப்படிப்பட்ட அழைப்புகளுக்கு மையத்தில் 'திருந்தின கேஸ்' என்று பெயர். சட்டப்படி அவர்கள் தம்மை அறிந்த இரண்டு பேரை நேரில் கூட்டி வந்து சாட்சி சொல்ல வைக்க வேண்டும். முறை வர வாரக்கணக்காகும். தபித்தாள் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். பழைய ஆள் வந்தால் திறக்கும். ஆகவே கொஞ்ச நேரம் பழைய ஆளாக இருங்கள் என்று சொல்லிவிடுவாள். குழாயடிச் சண்டையை விட்டு ஒழித்த ஓர் அம்மாளை, இன்றைக்கு ஒருநாள் போய்க் குடத்தைத் தட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். ரேஷன் தளம் உடனே திறந்துகொண்டது. அந்த அம்மாள் திரும்பக் கூப்பிட்டு, அதுவும் நல்லாத்தாம்மா இருந்தது என்று சிரித்தாள். யாருக்கும் நஷ்டமில்லாத வழி என்றுதான் தபித்தாள் நினைத்தாள்.

ஆவுடையப்பன் அழைத்தது ஒரு முற்பகலில். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிகளை விரட்டியே பழகிய கனத்த குரல். ஆனால் அதை யாரோ துணியில் சுற்றி வைத்ததுபோல் தணித்துப் பேசினார். மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன், கீழே மனைவி படுத்திருக்கிறாள், அவள் காதில் விழ வேண்டாம் என்றார்.

மனைவி வடிவம்மாளுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். நாள் குறித்தாகிவிட்டது. ஆஸ்பத்திரித் தளத்தில் கணவர் ஒப்புதல் கொடுத்தால்தான் அந்த நாள் நிற்கும். அதற்கு அன்று மாலைவரைதான் நேரம். விட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று தெரியாது, அதுவரை தாங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தளமோ அவரை உள்ளே விட்டு விட்டு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அண்மையில் உங்களிடம் ஏதாவது மாற்றம் உண்டா என்று தபித்தாள் வழக்கம்போல் கேட்டாள்.

"ஏசுறதை விட்டுட்டேன்மா," என்றார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து ஏசிக்கிட்டேதான் இருந்தேன். சோறு பிந்தினா ஏச்சு, சட்டையில பொத்தான் இல்லேன்னா ஏச்சு. அவ அடுப்படியில மயங்கி விழுந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்தா. திறந்ததும் என்னைப் பார்த்து, மணி என்னாச்சு, இன்னும் உலை வைக்கலியே, ஏசிராதீங்கன்னா. மூக்குல குழாயோட சொல்லுதாம்மா."

தபித்தாள் அவர் பதிவைத் திரையில் திறந்துகொண்டே கேட்டாள்.

"அன்னைக்கே திருச்செந்தூர் முருகன்கிட்ட நேந்துக்கிட்டேன். இனி ஒரு சுடுசொல் கிடையாதுன்னு. இப்பத்தான் அவ பயமில்லாம என் முகத்தைப் பார்த்துப் பேசுதா. போன வாரம் என்னைக் கேலிகூடப் பண்ணினா."

கேட்கத் தபித்தாளுக்கு மனம் நிறைந்தது. கடிகாரத்தையும் பார்த்தாள். சாட்சி முறைக்கு நேரமில்லை. ஓர் உயிர் இருக்கிறது. அவள் தன் குறுக்குவழியைச் சொன்னாள்.

அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் ஏசுகிற மாதிரி நடித்தால் போதுமா என்று கேட்டார். நடித்தால் திறக்காது, நடிப்பு அதற்குத் தெரியும், திருடர்கள் அதையெல்லாம் முயன்று பார்த்தாகிவிட்டது என்று அவள் விளக்கினாள். கோபம் உள்ளிருந்து வர வேண்டும். மனைவியிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. அந்த அம்மாள் குரலில் பயமில்லை என்றால் குணக்குறி அதையும் கவனித்துவிடும். தளம் திறந்ததும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம்.

"அந்தப் பழைய ஆளைத்தானே கூப்பிடச் சொல்லுதீங்க," என்றார் ஆவுடையப்பன். "கொஞ்ச நேரம் வந்துட்டு, போன்னா போயிருவானா?"

"போயிருவார் ஐயா," என்றாள் தபித்தாள், நம்பிக்கையாக. "அம்மா உயிரை நினைச்சுக்கோங்க."

மதியச் சாப்பாட்டுக்கு அவள் எழுந்தபோது திரையில் அவர் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது. ஒப்புதல் போய்விட்டது. ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தாள். அன்று எலுமிச்சைச் சாதம். நன்றாகவே சாப்பிட்டாள். பின்னாளில் அவளை அதிகம் உறுத்தியது அந்தச் சாப்பாடுதான்.

அறுவை சிகிச்சை முடிந்து சில நாள் கழித்து அவர் மறுபடி அழைத்தார். அவள் பிழைத்துக்கொண்டாள் அம்மா என்றார். தபித்தாள் மகிழ்ச்சி சொல்வதற்குள், அவள் என்னோடு பேசுவதில்லை என்றார். தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் நர்ஸைத்தான் கேட்கிறாள். நடந்ததை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் நம்புவாளோ என்னவோ என்று கேட்டார். கெஞ்சவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டார்.

மையத்தில் வேலை செய்பவர்கள் அழைத்தவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. தபித்தாள் அதைப் பணிவாக எடுத்துச் சொன்னாள். பிறகு, பழக்க தோஷத்தால், "வேறு ஏதாவது உதவி வேண்டுமா ஐயா?" என்று கேட்டுவிட்டாள்.

"வேண்டாம்மா," என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடும்போது அவளுக்கு வாய் எழவில்லை. ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், வழியில் கொஞ்சம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, பதிவில் பார்த்து வைத்த முகவரியைச் சொல்லிப் பெருமாள்புரத்துக்கு ஆட்டோ ஏறினாள்.

கதவைத் திறந்தவர் ஆவுடையப்பன்தான். குரலை வைத்து அவள் பெரிய ஆகிருதியாக நினைத்திருந்தாள். அவர் ஒடிசலாக, தோளில் ஈரத் துண்டோடு நின்றார். சமையல் அவருடையதுதான் என்பது மேல்சட்டை மஞ்சள் கறையில் தெரிந்தது. மனைவி இருந்த அறை திறந்தே கிடந்தது. ஆனாலும் நிலைப்படியில் விரலால் தட்டி, யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, பால் வாங்கிவருவதாக வெளியே போய்விட்டார்.

வடிவம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தபித்தாள் தான் யாரென்று சொன்னாள். மிச்சமிருந்த விதிகளையும் ஒதுக்கிவிட்டு நடந்ததைச் சொன்னாள். ஏசச் சொன்னது நான், அவர் மாட்டேன் என்றுதான் சொன்னார், உங்கள் உயிருக்காகத்தான் செய்தார் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"என்ன ஏசினாகன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள் வடிவம்மாள்.

தெரியாது என்றாள்.

"தண்ணி கேட்டேன். அன்னைக்கே போய்ச் சேந்திருந்தா எனக்கு இந்த அலைச்சல் இல்லைல்லா, அப்படின்னாக. முன்னால இதை விடவும் ஏசியிருக்காக. அப்பல்லாம் எதிர்பார்த்துக்கிட்டே இருப்பேன், அதனால தைக்காது. இந்த மூணு மாசத்துல நான் அந்த எதிர்பார்ப்பை விட்டுட்டேன்லா. வெறும் நெஞ்சுல பட்டுட்டு."

"அவர் மனசார சொல்லலம்மா."

"நடிச்சாகளா? நீ நடிக்கச் சொன்னியா?"

தபித்தாளுக்கு ஆம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஒரு சின்னப் பொய். அதனால் ஒரு வீடு நிமிர்ந்துவிடலாம். வடிவம்மாளின் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

"நடிச்சா திறக்காதும்மா," என்றாள் கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு.

"ஆனா திறந்துட்டுல்லா," என்றாள் வடிவம்மாள்.

ஒரு சாத்துக்குடியை எடுத்து மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பாலோடு வந்த ஆவுடையப்பன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குள் போனார். அவர் போட்ட டீயில் சர்க்கரை இல்லை. தபித்தாள் அதைச் சொல்லாமல் குடித்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகு அவளிடம் வேகம் போய்விட்டது. திருந்தின கேஸ் வந்தால் குறுக்குவழி சொல்வதில்லை. சாட்சி முறைதான் உண்டு, நாளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பாள். சிலர் திட்டினார்கள். குடியை விட்ட ஒரு லாரி டிரைவர், அதுவரை வண்டிப் பெர்மிட் என்னாகும் என்று அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அவள் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தாள். அதைத் தவிர அவளிடம் கொடுக்க வேறு எதுவும் இருக்கவில்லை. காலை ஜெபமும் மாறிப்போயிற்று. இன்று யாரையும் அவசரப்படுத்தாதிருக்கச் செய்யும் என்றுதான் இப்போது கேட்டாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை அவள் வேலைத்தளத்தைத் திறந்தபோது உள்ளே விட்டு, உடனே வெளியே தள்ளியது. 'இது நீங்கள் இல்லை போலிருக்கிறது. மீண்டும் உறுதி செய்யவும்.' வங்கியைத் திறந்து பார்த்தாள். அங்கும் அதே எழுத்து.

இபுராகிம் வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எம்மா தபித்தா, நீயே திருந்தின கேஸ் ஆயிட்டியா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, அக்கறையாகவே யோசனை சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி, அவளிடமிருந்து கற்றுக்கொண்ட வழிதான். ஒரு பெண் காத்துக்கொண்டிருக்கிறாள், மகளைத் தினம் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தவள், இப்போது விட்டுவிட்டாளாம், தளம் திறக்கவில்லையாம். "பழைய மாதிரி பட்டுனு முடிச்சு விடு. அவளுக்கும் திறக்கும், உனக்கும் திறந்துரும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

தபித்தாள் அவருடைய ஒலிக்கருவியை வாங்கிக் காதில் மாட்டினாள். அந்தப் பெண் சொன்னதை முழுக்கக் கேட்டாள். மகள் பெயர் என்ன என்று விசாரித்தாள். உங்களைத் தெரிந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள் அம்மா, நாளாகும், அதுவரை இப்படியே இருங்கள், மாறிவிடாதீர்கள் என்றாள். கருவியைக் கழற்றி இபுராகிமிடம் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அதே எழுத்து அப்படியே நின்றது. அவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

சாட்சிக் கூடம் தரைத்தளத்தில் இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் மாடி ஏறுவாள், உள்ளே போனதில்லை. வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். மாறிப்போன மனிதர்களும் அவர்களுக்காக வந்தவர்களும் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தானும் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது அந்தக் கூட்டத்தில் ஆவுடையப்பன் இருந்தார். அவரை ஒட்டி ஒரு காலி நாற்காலி. அதற்கு அடுத்ததில் வடிவம்மாள்.

அவர் எழுந்து கும்பிட்டு, குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று வழக்கம்போல் நழுவிவிட்டார். வடிவம்மாள் தபித்தாளை அந்தக் காலி நாற்காலியில் உட்காரச் சொன்னாள். மெலிந்திருந்தாள், ஆனால் குரல் தேறியிருந்தது.

"அன்னைக்குத் திறந்த தளம் மறுநாளே அவுகளை வெளிய தள்ளிட்டு," என்றாள். "அதுக்கப்புறம் திறக்கவே இல்ல. பென்சன் வரல. எதிர்வீட்டுக்காரர் கொடுத்து உதவித்தான் அடுப்பு எரியுது. உனக்கு ஒரு போன் போட்டு, என்னை ஒரு ஏச்சு ஏசினா எல்லாம் திறந்துரும். அது அவுகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னைக்கு ஏசுவாக, நாளைக்கு ஏசுவாகன்னு ஒவ்வொரு நாளும் பார்த்துக்கிட்டே கெடந்தேன். ஏசல."

தபித்தாள் டோக்கனை விரல்களுக்கிடையில் மடித்துக்கொண்டிருந்தாள்.

"நடிச்சா தெரிஞ்சிரும்னு சொன்னேல்லா. இத்தனை நாளும் அவுகளை உள்ள விடலன்னா, இந்தக் குணமும் நடிப்பு இல்லைன்னுதான அர்த்தம்? கட்டின மனுசனை நம்ப முடியல. மெஷினை நம்பி வந்திருக்கேன், பாரு." அவள் சிரிக்க முயன்றாள். "அன்னைக்குத் திறந்ததும் நெசம். இப்ப மூடிக் கெடக்கதும் நெசம். ரெண்டையும் வச்சுக்கிட்டுத்தான் இனி இருக்கணும்."

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருக்கிறாராம். அவர் இரண்டாவது சாட்சி. பிறகு தபித்தாள் கையில் இருந்த டோக்கனைக் கவனித்தாள்.

"உனக்கு என்ன?"

தபித்தாள் சொன்னாள்.

"யாரு வந்திருக்கா உனக்கு?"

"இனிமேதான் யாரையாவது கேட்கணும்மா. மக வெளியூர்ல இருக்கா."

வடிவம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னைக்கு நீ நடிச்சாகன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன். சொல்லாமப் போனியே," என்றாள். "இவுகளுக்குச் சாட்சி சொல்லிட்டு உனக்கும் சொல்லுதேன். எங்கயும் போயிராத."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தபித்தாள் வாயெடுக்குமுன் பதிவுச் சாளரத்திலிருந்து ஆவுடையப்பன் பெயரை அழைத்தார்கள்.

அவர் இரண்டு கையிலும் டீக்கோப்பைகளோடு ஓடி வந்தார். தபித்தாள் கோப்பைகளை வாங்கிக்கொண்டாள். வடிவம்மாள் நாற்காலிக் கையைப் பிடித்து எழ முயன்றாள். அவரது கை தன்னையறியாமல் அவளைத் தாங்க நீண்டது, பாதியில் நின்றுவிட்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்துக்கொள்ளவில்லை. தானாகவே எழுந்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, தன் தோளில் தொங்கிய துணிப்பையைக் கழற்றி அந்தக் கையில் மாட்டினாள்.

"பைய நடங்க," என்றாள். "நான் உங்க வேகத்துக்கு வர முடியாது."

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டாக, அவளுக்குப் பின்னால் நடந்தார்.